அகன்ற வானமும் அளவான பணமும்

கார்த்திகை மீன்களை அறியாத தமிழர் அரியர். தை மாதத்து முன்னிரவிலே, தலைக்குமேல், ஒரு சிறு கொத்தாய் மினுங்கும் அவ்விண்மீன்களை ஆறென்று எண்ணுவாரும் உண்டு. ஏழென்று எண்ணுவாரும் உண்டு. புதிதாய்த் தொலைகாட்டி ஒன்றை வாங்கிய ஒருவர், தம் குழந்தைகளை முற்றத்துக்கு அழைத்து, அதனை அக்கொத்தின்மீது திருப்புகிறார் எனக் கொள்ளலாம். குழந்தை கண்ணை வைத்துப் பார்க்கிறது. இரண்டு மூன்று விண்மீன்கள் தெரிகின்றன, கொத்தைக் காணோம். வெறுங்கண்ணுக்கு முழுதாய் அகப்பட்ட காட்சி, விலைகொடுத்து வாங்கிய கருவிக்கு அகப்படவில்லை. குழந்தை ஏமாற்றத்துடன் விலகிப் போகிறது. சில கிழமைகளில் தொலைகாட்டி அலுமாரியின் மேல் ஏறிவிடுகிறது.

குற்றம் தொலைகாட்டியில் இல்லை. பார்ப்பவர் கண்ணிலும் இல்லை. கண்ணருகே செருகப்படும் அந்தச் சிறு குழலில், அதாவது பார்வைத்துண்டில், இருக்கின்றது. தொலைகாட்டி வாங்குவோர் முன்புறத்து வில்லையின் அகலத்தை விசாரிக்கின்றனர். கண்ணாடியின் அகலத்தை விசாரிக்கின்றனர். தாங்கியின் உறுதியைக்கூட விசாரிக்கின்றனர். பார்வைத்துண்டை விசாரிப்போர் சிலரே. கருவியோடு கிடைப்பதை ஏற்றுக்கொள்வதே வழக்கமாயிருக்கிறது. பின்னர், "அகன்ற புலம்" என விளம்பரஞ் செய்யப்படும் பார்வைத்துண்டுகளின் விலையைக் கண்டு மலைத்து நிற்பதும் வழக்கமாயிருக்கிறது. அளவான பணமுடையவர் எதை வாங்கவேண்டும், எதை வாங்காமல் விடலாம் என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

முதற்கண் ஒரு சிறு கணக்கு. தொலைகாட்டியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். 150 மில்லிமீற்றர் விட்டமும் 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உடைய தெறிதொலைகாட்டி இன்று பலரும் வாங்கும் ஒன்று, பாடசாலைகளுக்கும் ஏற்றது. அதில் 10 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டைச் செருகினால் உருப்பெருக்கம் 120 மடங்கு. 32 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டைச் செருகினால் ஏறக்குறைய 37 மடங்கு. பார்வைத்துண்டின் எண் சிறுத்தால் பெருக்கம் பெருக்கும்.

அடுத்தது புலம். புலம் என்பது இரு வகைப்படும். பார்வைத்துண்டில் கண்ணை வைக்கும்போது ஓர் ஒளிவட்டம் கண்முன் விரிகின்றதல்லவா? அவ்வட்டம் எவ்வளவு அகலமாய்த் தோன்றுகின்றது என்பது தோற்றப்புலம். விற்பவர் பெட்டியிலே பொறிப்பது இதனையே. அவ்வட்டத்துள் உண்மையிலேயே வானத்தின் எத்துணைப் பகுதி அடங்குகின்றது என்பது மெய்ப்புலம். தோற்றப்புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் மெய்ப்புலம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 50 பாகைத் தோற்றப்புலமுடைய 10 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு, 120 மடங்கு பெருக்கும்போது, வானத்தில் 0.42 பாகையையே காட்டுகின்றது. முழுமதியின் அகலமோ அரைப்பாகை. கார்த்திகையின் தலைமையான விண்மீன்கள் ஒரு பாகை அளவு பரந்து கிடக்கின்றன. ஆகவே முற்றத்திலே நின்ற குழந்தைக்குக் கார்த்திகை தெரியாமற் போனதில் வியப்பில்லை. கதவின் சாவித்துவாரத்தால் கோயில் மண்டபத்தைப் பார்க்க முயன்றது போலாயிற்று.

புலத்தின் அருமையை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் கரோலின் ஹேர்ஷல் அம்மையார். 1781இல் யுறேனசுக் கோளைக் கண்ட வில்லியம் ஹேர்ஷலின் தங்கையார் இவர். வால்வெள்ளிகளைத் தேடுவதற்கு இவர் கையாண்ட சிறு தொலைகாட்டியின் குவியத்தூரம் 27 அங்குலமே. அதன் பெருக்கம் சிறிது. ஆனால் அதன் மெய்ப்புலமோ இரண்டு பாகைக்குச் சற்று மேற்பட்டது. 1786ஆம் ஆண்டு ஆகத்து முதலாந் தேதி அவர் தமது முதல் வால்வெள்ளியைக் கண்டார். 1797 வரையில் எட்டு வால்வெள்ளிகளைக் கண்டவர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது. தமையனாரிடம் இருந்த பெரிய தொலைகாட்டிகள் இத்தேடலுக்கு ஏற்றனவல்ல. பரந்த வானத்தைத் துழாவுவதற்குப் பெருக்கத்தினும் புலமே வேண்டும்.

பார்வைத்துண்டின் வரலாறும் புலத்தை அகட்டுவதற்கு மனிதர் செய்த முயற்சியின் வரலாறே எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் இரண்டு வில்லைகளைச் சேர்த்து ஒரு பார்வைத்துண்டு அமைத்தார். 1849இல் ஜேர்மனியின் வெற்சிலார் நகரத்துக் கெல்னர் திருந்திய பார்வைத்துண்டு ஒன்றை அமைத்தார். 1860இல் வியன்னா நகரத்துப் பிளொசல் என்பார், இவ்விரண்டு வில்லைகள் ஒட்டிய இரு சோடிகளை எதிரெதிரே வைத்து, ஓரம்வரை தெளிவு குன்றாத பார்வைத்துண்டு ஒன்றை ஆக்கினார். அதன் தோற்றப்புலம் 50 பாகை அளவினது. இன்று உலகெங்கும் மலிவாய்க் கிடைக்கும் நல்ல பார்வைத்துண்டு அவர் பெயராலேயே வழங்குகின்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1917ஆம் ஆண்டளவில், சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்பிள் என்பார் ஐந்து வில்லைகளைக்கொண்டு 60 பாகையை எட்டினார். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான அல் நேக்லர் 82 பாகைப் பார்வைத்துண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சந்திரனில் இறங்கவிருந்த அப்பலோ வீரர்களைப் பழக்கிய பாவனைக் கலத்தின் ஒளியியற் கருவிகளில் முன்னர் உழைத்தவர் அவர். அவருடைய பார்வைத்துண்டில் கண்வைத்தவர், குழாய்க்குள் பார்ப்பதாய் உணராமல், சாளரத்தருகே நின்று வானத்தைப் பார்ப்பதாய் உணர்ந்தனர். அத்தகைய துண்டுகளின் விலை சில நூறு டொலர். ஏழைப் பாடசாலை ஒன்றுக்குத் தொலைகாட்டியையே வாங்கப் போதிய தொகை அது.

இங்கேதான் ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்கவேண்டும். பார்வைத்துண்டு செருகப்படும் குழலின் அகலம் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம். அக்குழலின் உள்ளே, காட்சியின் விளிம்பை வரையறுக்கும் வளையம் ஒன்று உண்டு. ஒன்றேகால் அங்குலக் குழலில் அவ்வளையம் ஏறக்குறைய 27 மில்லிமீற்றருக்கு மேல் அகல முடியாது. வில்லைகள் நான்காயினும் எட்டாயினும், விலை பத்து டொலராயினும் முந்நூறு டொலராயினும், அவ்வளையத்துக்கு அப்பாலுள்ள வானம் உள்ளே புகாது. 1200 மில்லிமீற்றர்த் தொலைகாட்டியில் அதனால் அடங்கக்கூடிய வானம் 1.3 பாகையே.

32 மில்லிமீற்றர்ப் பிளொசல் இந்த 1.3 பாகையை முழுதாய்க் காட்டிவிடுகின்றது. 68 பாகைத் தோற்றப்புலமுடைய 24 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு, பன்மடங்கு விலைகொண்டது, அதே 1.3 பாகையைத்தான் காட்டுகின்றது. ஒன்று 37 மடங்கில். மற்றது 50 மடங்கில். காட்டப்படும் வானம் ஒன்றே. அது சற்றுப் பெரிதாகவும், பின்னணி சற்று இருண்டும் தெரிவதே வேறுபாடு. நகரத்து விளக்கொளியால் வானம் வெளுத்திருக்கும் இடங்களில் அவ்விருள் பயனுடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், "அதிக வானம் தெரியும்" என்று எண்ணி அதனை வாங்குபவர் ஏமாறுவார். 40 மில்லிமீற்றர்ப் பிளொசலை வாங்கினால் இன்னும் அகலமாய்த் தெரியும் என எண்ணுவோரும் உளர். அதுவும் பிழையே. வளையம் தடுப்பதால் அதன் தோற்றப்புலம் 43 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும். வானம் ஓர் இம்மியும் கூடாது.

ஆகவே அளவான பணமுடையவர் முதலில் வாங்கத்தக்கது 32 மில்லிமீற்றர்ப் பிளொசல். கார்த்திகை மீன்கள் அதில் கொத்தாகவே தோன்றும். சுற்றிலும் சிறிது இருளும் தெரியும். கொத்து என்னும் உணர்வு எழுவதற்கு அந்தச் சுற்றிருள் இன்றியமையாதது.

அப்படியாயின் அகன்ற தோற்றப்புலத்துக்குப் பணஞ் செலவிடுவதே வீணா? வீணன்று. செலவிடவேண்டிய இடம் வேறு. அதனை விளங்கிக்கொள்வதற்கு ஒரு பாடசாலை மைதானத்தை மனத்திற் கொள்ளலாம். நாற்பது மாணவர்கள் வரிசையில் நிற்கின்றனர். தொலைகாட்டி மரப்பெட்டித் தாங்கியில் இருக்கின்றது. வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் மோட்டார் அதற்கில்லை. பார்க்கவேண்டியது சனிக்கோள். அதன் வளையம் தெளிவாய்த் தெரிவதற்கு நூறு மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம் வேண்டும். 9 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு 133 மடங்கு பெருக்கும்.

பூமி சுழல்வதால், வான நடுவரைக்கு அருகிலுள்ள பொருள் ஒரு பாகை தூரத்தை 4 நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. 50 பாகைப் பிளொசலின் மெய்ப்புலம் இந்தப் பெருக்கத்தில் 0.37 பாகை, சனி ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்தை அடைய ஒன்றரை நிமிஷமே செல்லும். 66 பாகைப் பார்வைத்துண்டிலோ மெய்ப்புலம் அரைப்பாகை. சனி இரண்டு நிமிஷம் நிற்கும். வேறுபாடு அரை நிமிஷந்தான். ஆனால் முதன்முறை தொலைகாட்டியிற் கண்வைக்கும் சிறுவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரிவதற்கே அரை நிமிஷம் வேண்டும். அவன் "காணோம், ஐயா" என்று சொல்லி விலகுவதும், "வளையம் தெரிகிறது!" என்று கூவுவதும் அந்த அரை நிமிஷத்தைப் பொறுத்தவை. வரிசையின் இறுதியில் நிற்கும் மாணவனுக்குக் கோள் கிடைக்கவேண்டுமாயின், பணத்தைச் செலவிடவேண்டிய இடம் இதுவே. இத்தகைய சிறிய குவியத்தூரங்களிற் குழலின் வளையம் தடையாவதில்லை. ஆதலால் தோற்றப்புலம் அகன்றால் மெய்ப்புலமும் உண்மையாகவே அகலும்.

சீனத்துத் தொழிற்சாலைகளில் ஆக்கப்படும் 66 பாகைப் பார்வைத்துண்டுகள் இன்று மலிவான விலையில் 6, 9, 15, 20 மில்லிமீற்றர் என்னும் அளவுகளிற் கிடைக்கின்றன. அவற்றுள் 6, 9 ஆகிய இரண்டுமே சிறந்தவை என்பது பழகியோர் கருத்து. 15, 20 ஆகியவற்றில் ஓரத்து விண்மீன்கள், குறுகிய குவியத்தூரமுடைய தொலைகாட்டிகளில், புள்ளிகளாய் நில்லாது சிறகு விரித்த பறவைகள்போல் நீள்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. தொலைகாட்டியின் குவியத்தூரத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் வருவது குவிய விகிதம். 1200ஐ 150ஆல் வகுக்க 8 வரும். 8 ஆயின் ஒளி மெல்லென ஒடுங்கிப் பார்வைத்துண்டை அடையும். எளிய வில்லைகளும் அதனை நன்கு ஆளும். விகிதம் 5 ஆயின் ஒளி சரிவாக வந்து விழும். மலிவான அகன்ற பார்வைத்துண்டுகள் ஓரத்தில் தடுமாறும். விலையுயர்ந்த துண்டுகளிற் கூடுதல் வில்லைகள் வைக்கப்படுவது இத்தடுமாற்றத்தை நீக்குதற்கே. ஆகவே விகிதம் 8 உடைய தொலைகாட்டியைத் தெரிந்தவர், பார்வைத்துண்டிற் பணத்தைச் சேமித்தவராகின்றார்.

தொலைகாட்டி இரண்டு அங்குலக் குழலை ஏற்குமாயின் வேறொரு வழியும் திறக்கின்றது. இரண்டு அங்குலக் குழலின் வளையம் 46 மில்லிமீற்றர்வரை அகலலாம். எர்பிள் அமைப்பைத் தழுவிய 30 மில்லிமீற்றர், 70 பாகைப் பார்வைத்துண்டு ஒன்று, விகிதம் 8 உடைய அதே தொலைகாட்டியில், 40 மடங்கில் 1.75 பாகையைக் காட்டும். ஆனால் அது பாரமானது; தொலைகாட்டியின் சமநிலையைக் குலைக்கக்கூடியது. வாங்குமுன் குழலின் அகலத்தை அளந்து பார்த்தல் வேண்டும். பழைய சிறு தொலைகாட்டிகள் சிலவற்றின் குழல் ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைந்தது. அவற்றிற்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது.

இனி, கண்ணைப் பற்றியும் எண்ணவேண்டும். பார்வைத்துண்டின் குவியத்தூரத்தைக் குவிய விகிதத்தால் வகுத்தால், அதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32ஐ 8ஆல் வகுக்க 4 மில்லிமீற்றர். இருளிலே இளைஞர் ஒருவரின் கண்மணி 7 மில்லிமீற்றர்வரை விரியலாம். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு 5 மில்லிமீற்றரளவே விரிவது பொதுவழக்கு. கற்றை கண்மணியினும் பெரிதாயின் எஞ்சிய ஒளி வீணாய்ப் போகும். விகிதம் 5 உடைய தொலைகாட்டியில் 32 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு 6.4 மில்லிமீற்றர்க் கற்றையைத் தருகின்றது. அது இளைஞர்க்கே உரியது.

மூக்குக்கண்ணாடி அணிவோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். முழுப்புலத்தையும் காண்பதற்குக் கண் வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதே அது. பிளொசலில் இத்தூரம் அதன் குவியத்தூரத்தின் முக்காற் பங்களவு. 32 மில்லிமீற்றரில் கண்ணாடியுடன் வசதியாய்ப் பார்க்கலாம். 6 மில்லிமீற்றரில் இமைமயிர் வில்லையைத் தொடும். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ உடையவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொலைகாட்டியின் குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். புள்ளியைக் கோடாய்க் காட்டும் குறையுள்ள கண்ணுக்கு, குறைந்த பெருக்கங்களிற் கண்ணாடி வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், வாங்கும் ஒழுங்கு தெளிவாகின்றது. முதலாவது, 32 மில்லிமீற்றர்ப் பிளொசல். இரண்டாவது, 66 பாகையளவு தோற்றப்புலமுடைய 9 மில்லிமீற்றர். மூன்றாவது, பணம் மிஞ்சுமாயின், இடைப்பட்ட 15 மில்லிமீற்றர் ஒன்று. சித்திரை, வைகாசி மாதத்து இரவுகளில் தென்வானில் எழும் ஒமேகா சென்டோரி என்னும் விண்மீன்திரள் முழுமதியினும் சற்று அகன்றது. இலங்கையிலிருந்து நன்கு காணக்கூடியது. 15 மில்லிமீற்றரில் அது 80 மடங்கு பெருகி, புலத்துள் அடங்கி, சருக்கரையைக் கருந்துணியிற் கொட்டியது போலத் தோன்றும். இவ்வளவே போதும். ஐந்தாறு பார்வைத்துண்டுகளை ஒருங்கே விற்கும் பெட்டிகளையும், அறுநூறு மடங்கு பெருக்கம் என்னும் விளம்பரங்களையும் விலக்குதல் நன்று. 150 மில்லிமீற்றர்த் தொலைகாட்டி, காற்று மிக அமைதியாயுள்ள இரவிலும், 300 மடங்குக்கு மேல் பயன்தராது.

வாங்கிய பார்வைத்துண்டு சொன்னபடி காட்டுகின்றதா என்பதைச் சோதிப்பதற்கு ஒரு கைக்கடிகாரமே போதுமானது. மிருகசீரிட மண்டலத்தின் இடைவாரில் மூன்று விண்மீன்கள் நிரையாயுள்ளன. அவற்றுள் வடமேற்கிலுள்ளது வான நடுவரையை ஒட்டியது. தொலைகாட்டியை அசையாது நிறுத்தி, அம்மீன் புலத்தின் நடுவழியே ஓரத்திலிருந்து ஓரம்வரை செல்லும் நிமிஷங்களை எண்ணி 4ஆல் வகுத்தால், மெய்ப்புலம் பாகையிற் கிடைக்கும். 32 மில்லிமீற்றர்ப் பிளொசலில் ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேற்செல்லும். மாணவர்களைக்கொண்டே இதனைச் செய்வித்தால், வகுத்தற் கணக்கு அவர்களுக்கு வானத்தில் எழுதப்பட்டதாகிவிடும்.

ஈரக்காற்று மிகுந்த நாட்டிலே வில்லைகளிற் பூஞ்சணம் படர்வது எளிது. பயன்படுத்தியபின் பார்வைத்துண்டை ஈரம் உலரவிட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளிட்ட பெட்டியில் மூடிவைத்தல் வேண்டும். தூசியைத் துடைப்பதற்கு முன் ஊதுபந்தால் ஊதி அகற்றவேண்டும். எக்காரணங்கொண்டும், தொலைகாட்டியின் முன்வாயை முற்றாக மூடும் தகுந்த வடிகட்டியின்றிச் சூரியனை நோக்குதல் ஆகாது. பார்வைத்துண்டிலே திருகப்படும் சிறு சூரிய வடிகட்டிகள் வெப்பத்தால் வெடிக்கக்கூடியன. கண்ணொளியை ஒரு நொடியிற் பறிக்கக்கூடியன.

அதிக விலைகொண்ட பொருள் சிறந்ததாயிருத்தல் கூடும். ஆயினும் எவ்விடத்து எது வேண்டும் என்று கணக்கிட்டு வாங்கியவனுக்குக் குறைந்த விலையும் நிறைந்த பயனைத் தரும். குறைந்த பெருக்கத்துக்கு எளிய பிளொசல். நிறைந்த பெருக்கத்துக்கு அகன்ற புலம். இவ்வொரு விதியை நினைவிற்கொண்டவரின் தொலைகாட்டி அலுமாரியின்மேல் ஏறாது. அடுத்த தை மாதத்து முன்னிரவில் அது முற்றத்தில் நிற்கும். அதனருகே தம் முறைக்காகக் குழந்தைகள் காத்துநிற்பர்.